ஏற்காட்டில் நட்சத்திரப் பொருத்தம்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் மூன்று ரகம். புதுசாகக் கல்யாணமானவர்கள், ஆபீஸில் பொய் சொல்லி லீவு போட்டவர்கள், மாமனார் அனுப்பி வைத்தவர்கள். அடியேன் மூன்றாவது ரகம்.

என் மாமனாருக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஒரே பையன். அதாவது என் மச்சினன். எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். தை அமாவாசையை ஒட்டி வந்த ஒரு சனிக்கிழமை காலையில் மாமனார் என்னைப் பட்டறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். காபி வந்தது. காபி வந்தாலே காரியம் பெரிசு என்று அர்த்தம்.

"மாப்ள, இவன் ஏதோ நட்சத்திரம் பாக்குற பொட்டின்னு ஒண்ணு பண்ணியிருக்கான். திங்கக்கிழமை காலேஜ்ல காட்டணுமாம். அது வேலை செஞ்சா மேல்படிப்புக்கு பெங்களூர் போறேங்கறான். செய்யலைன்னா பட்டறையில வந்து உக்காந்துர்றேன்னு அவனே சொல்லிட்டான். ராத்திரி ஏற்காடு போறானாம். நீங்களும் கூடப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க கணக்குப் படிச்சவரு. பொய் சொல்ல மாட்டீங்க."

பி.காம். படித்தவன் பொய் சொல்ல மாட்டான் என்று நம்புகிற ஒரே ஜீவன் தமிழ்நாட்டிலேயே என் மாமனார்தான். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனசு வரவில்லை. மத்தியானம் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் ஏறினோம். என் மடியில் மாற்று டிரஸ். அவன் மடியில் பெட்டி. மூன்று கால் ஸ்டாண்டு இரண்டு பேர் காலுக்கும் நடுவில்.

அடிவாரம் தாண்டியதும் ஆரம்பிக்கிறது வளைவு. மொத்தம் 20 கொண்டை ஊசி. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள், நமக்கு இன்னும் எத்தனை தடவை வயிறு புரட்டப் போகிறது என்று தெரிவதற்காக! ஐந்தாவது வளைவு வரை சேலம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்தது. எட்டாவதில் குழம்பிப் போனேன்.

"தம்பி, இப்ப சேலம் இடப்பக்கமா, வலப்பக்கமா?"

"இதேதான் மாமா சாட்டிலைட்டுக்கும் பிரச்னை" என்று பிடித்துக்கொண்டான் பயல். அதற்காகவே காத்திருந்த மாதிரி.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சாட்டிலைட் எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. எந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதுதான் படா தலைவலி. மேலே போனால் மேல் கீழ் கிடையாது. டி.வி. சேனல் அனுப்புகிற சாட்டிலைட் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அதன் பார்வை ஒரே ஒரு டிகிரி பிசகினால் இங்கே தரையில் 630 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் நேர்கோட்டில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மயிலாப்பூர் மாமிக்குப் போக வேண்டிய சீரியல் முக்கடலில் மீன்களுக்குப் போகும். (மீன்கள் அழும்.)

"அதுக்குத்தான் கைரோன்னு ஒண்ணு இருக்குமே?" என்றேன். எங்கேயோ படித்தது.

"இருக்கு மாமா. ஆனா அது சுவர்க்கடிகாரம் மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா தப்பு சேர்ந்துக்கிட்டே போகும். அப்பப்ப எதையாவது பாத்து சரி பண்ணணும். எதைப் பாத்து? சூரியனைப் பாக்கலாம், பூமியைப் பாக்கலாம். ரெண்டும் பெருசு. பெருசா இருக்கறதை வெச்சு நுணுக்கமா திசை சொல்ல முடியாது. நட்சத்திரம்தான் புள்ளி."

நுணுக்கம் என்றால் எவ்வளவு தெரியுமா? நல்ல ஸ்டார் சென்சாருக்குக் கணக்கு ஆர்க் செகண்டில். ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு. 25 மில்லி மீட்டர் அகலமுள்ள பழைய ஒரு ரூபாய் நாணயத்தை 5 கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு. 20-வது வளைவு வந்துவிட்டது. எனக்கு எலுமிச்சம்பழம் தேவைப்பட்டது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனதாகச் சொல்கிறார்கள். ஏரி இருக்கிறது. காட்டில் பாதி காபித் தோட்டம். கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் இங்கே காபியைக் கொண்டுவந்தவர் என்று பெயர். அவருக்குப் பிறகு வந்தவர்கள் மிளகாய் பஜ்ஜியைக் கொண்டுவந்திருக்க வேண்டும். ஏரிக்கரையில் இரண்டு தட்டு உள்ளே தள்ளினோம். சேர்வராயன் குகைக் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொள்ளலாம் என்றேன். "முதல்ல லேடீஸ் சீட் போலாம் மாமா, இருட்டறதுக்குள்ள" என்றான்.

லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் முழுசும் காலடியில். வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணைகூடத் தெரியும். ஆறே முக்காலுக்கு மேல் ஊரில் ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பித்தது. ஐந்து நிமிஷத்தில் கீழே ஒரு வானம்! எனக்கு எந்த வானம் அசல் என்றே சந்தேகம் வந்துவிட்டது. தேனிலவு ஜோடி ஒன்று பக்கத்தில் பெருமூச்சு விட்டது. என் மச்சினன் பெட்டியை எடுத்து சேலத்தை நோக்கித் திருப்பினான்.

"டேய், நட்சத்திரம் மேல இருக்கு!"

"தெரியும் மாமா. இது பரீட்சை. ஏமாறுதான்னு பாக்கணும்."

ஏமாறினால் என்ன ஆகும் என்பதற்கு அவன் ஒரு கதை சொன்னான். ஐரோப்பாக்காரர்கள் ரோசெட்டா என்று ஒரு விண்கலத்தை ஒரு வால்நட்சத்திரத்தைச் சுற்ற அனுப்பினார்கள். 2015 மார்ச்சில் அது வால்நட்சத்திரத்துக்கு 14 கிலோமீட்டர் வரை நெருங்கியது. அங்கே பறந்த தூசி எல்லாம் வெயிலில் பளபளத்து நட்சத்திரம் மாதிரி தெரிய, ஸ்டார் சென்சார் தடுமாறி, பூமி எந்தப் பக்கம் என்றே தெரியாமல், கலம் பயந்துபோய் எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டுப் பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டது. நம்மூர் ஆசாமி வழி தெரியாத ஊரில் கரண்ட் போனால் நடு ரோட்டில் அப்படியே நிற்பான் இல்லையா, அதுபோல. பிறகு ஆட்களை வைத்து சரி பண்ணினார்கள்.

அவன் பெட்டியின் சின்னத் திரையில் கொஞ்ச நேரம் எண்கள் ஓடின. கடைசியில் 'பொருந்தவில்லை' என்று வந்தது. பயலுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தப்பாகச் சொல்வதைவிடத் தெரியாது என்று சொல்வதுதான் இந்தத் தொழிலில் கெட்டிக்காரத்தனமாம். எங்கள் பழைய மேனேஜர் ஒருத்தர் சாட்டிலைட்டுக்குப் போயிருந்தால் உலகமே மாறிப்போயிருக்கும்.

லாட்ஜ் மொட்டை மாடிக்கு அனுமதி வாங்க வாட்ச்மேன் பெரியவருக்கு இருபது நிமிஷம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. "ஜாதகம் பாக்குறவங்களா?" என்றார். இல்லை என்றால் நீளும் என்று "ஆமாம்" என்றேன். உடனே நாற்காலியே கொண்டுவந்து போட்டார்.

ஒரு விதத்தில் அதுவும் உண்மைதான். அந்தப் பெட்டி செய்வது நட்சத்திரப் பொருத்தம்தான். வானத்தை ஒரு போட்டோ எடுக்கும். மங்கலான புள்ளிகளைத் தள்ளிவிட்டுப் பிரகாசமானவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே எத்தனை டிகிரி இடைவெளி என்று அளக்கும். உதாரணத்துக்கு, திருவாதிரைக்கும், அதே வேட்டைக்காரன் கூட்டத்தில் மற்றத் தோளில் இருக்கும் நட்சத்திரத்துக்கும் இடையே 7.5 டிகிரி. பிறகு தன்னிடம் உள்ள அட்டவணையில் அந்த இடைவெளிகளைத் தேடும். அட்டவணையைச் செய்ததும் ஒரு விண்கலம்தான். 1989-ல் கிளம்பிய ஹிப்பார்கஸ். அது அளந்த நட்சத்திரங்கள் 1,18,218. அதில் கண்ணுக்குத் தெரியக்கூடிய ஐயாயிரம் சொச்சத்தை மட்டும் இவன் பெட்டியில் போட்டிருக்கிறான். மூன்று நான்கு புள்ளிகள் சேர்ந்து பொருந்தினால் போதும், பெட்டிக்குத் தான் எங்கே பார்க்கிறோம் என்று தெரிந்துவிடும்.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. பாஸ் புத்தகத்தையும் கேஷ் புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக் அடிப்போமே, ரீகன்சிலியேஷன், அதுதான்! நான் சொன்னதும், "அதேதான் மாமா" என்றான். பத்து வருஷமாக நானும் ஒரு விண்வெளி விஞ்ஞானிதான், யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். எட்டே காலுக்கு மூடுபனி. ஏற்காட்டு மூடுபனி வரும்போது சொல்லிக்கொள்ளாது. எதிர்வீட்டு பல்பு தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். இதற்கு நடுவே கீழே தோட்டத்தில் 'தொப் தொப்' என்று சத்தம். டார்ச் அடித்தால் ஒரு காட்டெருமை, ஜீப் சைஸில், செடியை மென்றுகொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தது. நாங்கள் டார்ச்சை அணைத்துவிட்டு நட்சத்திரம்போல அசையாமல் இருந்தோம். அது போக அரை மணி ஆயிற்று.

அந்த நேரத்தில்தான் அவன் சந்திரயானைப் பற்றிச் சொன்னான். 2008 அக்டோபர் 22-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-1. திட்ட இயக்குநர் நம்ம பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக்காரர், மயில்சாமி அண்ணாதுரை. நிலாவைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே 2009-ல் அதன் ஸ்டார் சென்சார்கள் படுத்துவிட்டன. நிலவின் பக்கத்தில் அடிக்கிற வெயிலும் சூடும் கொஞ்சநஞ்சமில்லை. யோசித்துப் பாருங்கள்: 3,84,000 கிலோமீட்டர் தள்ளி ஒரு பிள்ளைக்குக் கண் போய்விட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. பெங்களூரில் இருந்தவர்கள் கைரோவை மட்டும் வைத்து ஓட்டினார்கள். அது பிசகும் அல்லவா? அதைத் திருத்த, கலத்தின் ஆண்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற விவரத்தையும், நிலாவில் தெரிந்த இடங்களின் போட்டோக்களையும் பயன்படுத்தினார்கள். கண் தெரியாதவர் சுவரைத் தடவி வீட்டுக்குள் நடப்பது போல. 2009 ஆகஸ்ட் 29-ம் தேதி தொடர்பு அறுந்தது. இரண்டு வருஷத்துக்கு அனுப்பியது, 312 நாள் ஓடியது. ஆனால் அதற்குள் 70,000-க்கும் மேல் படம் அனுப்பியிருந்தது. 2016-ல் அமெரிக்காவில் ராடார் வைத்துத் தேடினால், பேச்சுமூச்சில்லாமல் நிலாவை இன்னமும் சுற்றிக்கொண்டிருந்தது!

"அதனாலதான் மாமா இதைத் தேர்ந்தெடுத்தேன்" என்றான். இருட்டில் அவன் முகம் தெரியவில்லை. குரலில் கிண்டல் இல்லை.

இந்தியாவில் இந்தக் கண்களைச் செய்கிற இடம் பெங்களூர் பீன்யாவில் இருக்கிறது. இஸ்ரோவின் மின்-ஒளியியல் ஆய்வுக்கூடம். 1975-ல் ஆர்யபட்டாவை உருவாக்கிய அதே இடம். அங்கே இருட்டறையில் பொய் நட்சத்திரம் காட்டிச் சோதிப்பார்கள். உலுக்குவார்கள், காற்றில்லாத அறையில் போட்டுச் சுடவைப்பார்கள், உறைய வைப்பார்கள். பிறகு அசல் வானத்தையும் காட்டிப் பார்க்க வேண்டும். என் மச்சினனிடம் இருட்டறை இல்லை. அதனால் ஏற்காடு. அவன் பெட்டிக்கு மூளை ராஸ்பெர்ரி பை என்கிற, உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர் அட்டை. அதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று நினைக்காதீர்கள். காவலூரிலும் கொடைக்கானலிலும் வானம் பார்க்கிறார்களே, இந்திய வானியற்பியல் நிறுவனம், அவர்கள் இதே மாதிரி அட்டையை வைத்து விலை மலிவான ஸ்டார் சென்சார் ஒன்று செய்து, 2023 ஏப்ரல் 22-ம் தேதி பி.எஸ்.எல்.வி. சி-55 ராக்கெட்டில் அனுப்பினார்கள். ராக்கெட்டின் கடைசிப் பகுதியிலேயே உட்கார்ந்துகொண்டு அது வேலை செய்தது.

பதினோரு மணிக்கு மூடுபனி விலகியது. அடடா! அந்த வானத்தை எப்படிச் சொல்வது? தலைக்கு மேற்கே வேட்டைக்காரன். தென்மேற்கே சிரியஸ் கண்ணைக் குத்தியது. அதற்கும் கீழே, மலை விளிம்புக்கு மேலே, தனியாக அகத்தியர். வெள்ளைக்காரர்கள் கனோபஸ் என்கிறார்கள். 1964-ல் செவ்வாய்க்குப் போன மாரினர்-4 கலம் திசைக்காகப் பிடித்துக்கொண்டது நம்ம அகத்தியரைத்தான். முதலில் வேறு வேறு நட்சத்திரங்களைப் பிடித்துத் திண்டாடி, பிறகு அவரைக் கண்டுபிடித்ததாம். தென்திசைக்குப் போனால் முனிவரைக் கேட்காமல் காரியம் நடக்குமா?

மச்சினன் மூஞ்சி கழுவக் கீழே போனான். நான் சும்மா இருந்திருக்கலாம். திரையில் நட்சத்திரமெல்லாம் மொத்தை மொத்தையாக, ஃபோகஸ் இல்லாமல் தெரிந்தது. பாவம் பையன், கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று லென்ஸ் வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒவ்வொன்றும் ஊசி முனை மாதிரி ஆயிற்று. பெருமையோடு உட்கார்ந்திருந்தேன்.

அவன் வந்தான். பட்டனை அழுத்தினான். 'பொருந்தவில்லை.' மறுபடி அழுத்தினான். 'பொருந்தவில்லை.' பத்து தடவை. அவன் கை நடுங்குவதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். "ரெண்டு மாசம் மாமா..." என்றான். எனக்கு பஜ்ஜி நெஞ்சுக்கு வந்தது.

"தம்பி, அந்த லென்ஸு... கொஞ்சம் மங்கலா இருந்துச்சுன்னு..."

அவன் என்னைப் பார்த்த பார்வையை என் மனைவி வீட்டில் வேறு யாரும் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் நல்ல பையன். திட்டவில்லை. விளக்கினான். வேண்டுமென்றேதான் ஃபோகஸைக் கலைத்து வைப்பார்களாம். நட்சத்திரம் கூர்மையாக ஒரே கட்டத்தில் விழுந்தால், அந்தக் கட்டத்துக்குள் எந்த மூலையில் என்று தெரியாது. நாலைந்து கட்டத்தில் மொத்தையாகப் பரவினால், எந்தக் கட்டத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று பார்த்துச் சராசரி போட்டு நடுப்புள்ளியைக் கட்டத்தில் பத்தில் ஒரு பங்குவரை துல்லியமாகச் சொல்லிவிடலாம். வெயிட்டட் ஆவரேஜ்! சரக்கு மதிப்புக்கு நான் வருஷா வருஷம் போடுகிற அதே கணக்கு. வானத்துக்குப் போனதும் எனக்கு மறந்துவிட்டது.

மறுபடி கலைக்க முக்கால் மணி. 11.52-க்குப் பட்டனை அழுத்தினான். எண்கள் ஓடின. நான் சேர்வராயனை வேண்டிக்கொண்டேன். 'பொருந்தியது.' திரையில் முதல் பெயர், திருவாதிரை. பயல் தமிழில் பெயர் போட்டு வைத்திருக்கிறான்!

"முடிஞ்சுதா?"

"இல்லீங்க மாமா. இது குருட்டாம்போக்கா இருக்கலாம். ஒரு மணி நேரம் பெட்டியைத் தொடாம வெக்கணும். பூமி சுத்துதில்ல? பெட்டி எவ்வளவு சுத்துச்சுன்னு அதுவே சொல்லணும்."

ஒரு மணி நேரம் பெட்டி ஸ்டாண்டில் நின்றது. நாங்கள் போர்வைக்குள். வேட்டைக்காரன் மெல்ல மேற்கே இறங்கினான். திருவாதிரை திரையை விட்டுப் போயிற்று, வேறு யார் யாரோ வந்தார்கள், பெட்டி அசராமல் ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டது. இத்தனை வருஷம் பூமி சுற்றுகிறது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த மொட்டை மாடியில்தான் அது என்னையும் தூக்கிக்கொண்டு சுற்றுவது தெரிந்தது. 20 கொண்டை ஊசியைவிட மோசம்.

12.52. அழுத்தினான். 15.04 டிகிரி.

எனக்கு அதன் அர்த்தம் புரிவதற்குள் அவன் வாட்ச்மேன் பெரியவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "என்ன, பொருத்தம் நல்லா இருக்கா?" என்றார் அவர்.

ஞாயிறு மத்தியானம் செவ்வாய்ப்பேட்டை. மாமனார் கொலுசுக்கு முத்து வைத்துக்கொண்டிருந்தார். பெட்டியின் முன்னால் இருந்த கறுப்புக் குழலைத் தட்டிப் பார்த்தார். பக்கத்து வெளிச்சம் லென்ஸில் படாமல் தடுக்கிற குழல் அது. உள்ளே கத்தி முனை போல வளையங்கள். போன மாசம் பையன் கேட்டதற்கு அவரே தகட்டில் அடித்துக் கொடுத்தது. "இந்த டம்ளர் எதுக்குன்னு அப்ப சொல்லவே இல்லையே" என்றார்.

நான் என் ஆடிட் ரிப்போர்ட்டைச் சமர்ப்பித்தேன். லென்ஸ் விஷயத்தைத் தவிர எல்லாம் சொன்னேன். பூமி 24 மணிக்கு 360 டிகிரி, மணிக்கு 15 டிகிரி, பெட்டியும் 15 காட்டியது, ஆகவே டேலி என்றேன்.

"பதினஞ்சா, பதினஞ்சு புள்ளி சைபர் நாலா?"

"அது ஒண்ணுமில்ல மாமா, ரவுண்ட் ஆஃப் பண்ணிக்கலாம்" என்றேன்.

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெள்ளியில ரவுண்ட் ஆஃப் கிடையாது மாப்ள. டேய், அந்தச் சைபர் நாலு எங்கிருந்து வந்துச்சு?"

பையன் சொன்னான். நட்சத்திரக் கணக்கில் பூமி ஒரு சுற்றுச் சுற்ற 24 மணி ஆகாது. 23 மணி 56 நிமிஷம் 4 செகண்ட்தான். மிச்சம் நாலு நிமிஷம், சூரியனைச் சுற்றி நாம் தினமும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் வருவது. 360-ஐ அந்த நேரத்தால் வகுத்தால் 15.04.

மாமனார் கால்குலேட்டரை எடுத்தார். தட்டினார். இன்னொரு தடவை தட்டினார்.

"பெங்களூர்ல சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?" என்றார்.